யானைக்கு நின்ற சுவர்

"செங்கல் அடுக்க நான் ஒருத்தன் இருக்கேன்லா டீச்சர். எம்மவளும் எதுக்கு அடுக்கணும்?"

ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று கேட்டான் பேச்சிமுத்து. கொத்தனார். பதினெட்டு வருஷமாகச் சுவர் எழுப்புகிறவன். இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விசேஷத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சண்டைக்கென்றே வந்திருந்தான்.

உள்ளே ஜெபராணி டீச்சர் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவனைவிட நாலைந்து வயசு இளையவர். முழங்கைவரை களிமண்.

"உள்ள வாங்கண்ணே."

"வந்து என்னத்தப் பாக்க? ஜூன்ல சேத்தேன். இப்ப அக்டோபர். நோட்டைத் திறந்தா ஆனையும் பூனையுமா கிறுக்கி வெச்சிருக்கா. இன்னிக்கு என்ன படிச்சேன்னு கேட்டா, 'கட்டையை அடுக்கிச் சுவர் கட்டுனோம்'ங்கா."

"ஆமா, கட்டுனா," என்றார் டீச்சர்.

அதைப் பெருமையாக வேறு சொன்னார். பேச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன ஞாயித்துக்கிழமை எங்க மச்சினன் வீட்டு விசேஷம். அவன் மவளுக்கும் எம்மவ வயசுதான். தனியார் பள்ளிக்கூடத்துல படிக்கா. நூறு வரைக்கும் மூச்சு விடாம சொன்னா. எல்லாரும் கை தட்டுனாவ. அடுத்து எம்மவளை நிறுத்தி, 'நீ என்னட்டி படிச்சே'ன்னு கேட்டாவ. இவ சுவர் கட்டுனதைச் சொன்னா. பந்தியே சிரிச்சுது டீச்சர்."

"அபிதா என்ன செஞ்சா?"

"அவளும் சேந்து சிரிச்சா. கூறு கெட்டவ. எனக்குத்தான் சோறு இறங்கல."

வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எங்கப்பன் மண்ணு சுமந்தாரு. நான் கல்லு சுமக்கேன். அது என்னோட முடியணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். மகளுக்கு டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பம். பக்கத்துக் கடைப் பையனிடம் சொல்லி எழுதி வாங்கியது.

"அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னிக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான் சேப்பாவளாம். சீக்கிரம் ஆகட்டும்."

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டைக்கென்று கிளம்பி வந்தவனுக்கு எதிராளி வேண்டாமா?

"எச்.எம். சார் கையெழுத்துப் போடணும். பதினொன்றரைக்கு வந்துருவாரு. அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"இருக்கேன்."

"சும்மாவா?"

"பின்ன?"

"கையை நீட்டுங்க."

நீட்டினான். வலது உள்ளங்கையில் ஒரு களிமண் கோழியை வைத்தார். இடது உள்ளங்கையில் ஒரு களிமண் உரல். இரண்டும் ஈரம்.

"பிள்ளைங்க இப்பத்தான் செஞ்சது. தரையில வெச்சா ஒட்டிக்கிட்டு அடி பிஞ்சிரும். காயிற வரைக்கும் பிடிச்சுக்கோங்க."

"நானா?"

"உங்க கைதான் இங்க பெரிய கை."

ஒரு பொடிசு ஓடிவந்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"கோழியை அமுக்கிராதீங்க மாமா. அது முட்டை போடணும்."

பேச்சிமுத்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க, ஒரு கையில் கோழியும் ஒரு கையில் உரலுமாக உட்கார்ந்தான். அவனோடு வேலை செய்யும் சித்தாள்கள் யாராவது பார்த்திருந்தால் ஒரு வாரம் வைத்து ஓட்டியிருப்பார்கள்.

"இன்னொண்ணு," என்றார் டீச்சர். "வாயையும் திறக்கக் கூடாது. என்ன நடந்தாலும்."

"அது எதுக்கு?"

டீச்சர் அதற்குள் வேறு பிள்ளையிடம் போய்விட்டார்.

அறையின் மூலையில் அபிதா இருந்தாள். கூட ரிஸ்வானா என்று ஒரு பிள்ளை. மர அறுவை மில்லில் மிச்சம் விழுந்த கட்டைகள் அங்கே ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. எல்லாம் ஒரே அளவு. நடுவே சில அரைத் துண்டுகளும் உண்டு.

அப்பாவைப் பார்த்ததும் அபிதா கையை ஆட்டினாள். அவனால் திருப்பி ஆட்ட முடியவில்லை. தலையை ஆட்டினான்.

ஆட்டம் இதுதான். அபிதா அஞ்சு வரிசைச் சுவர் கட்ட வேண்டும். ரிஸ்வானாவிடம் மணல் அடைத்த துணிப்பந்து ஒன்று. அதுதான் யானை. சுவர் முடிந்ததும் யானை வரும்.

அபிதா மூன்று கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொன்றின் தலைமேலும் நேராக இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. கட்டைகள் சேரும் இடமெல்லாம் ஒரே கோட்டில் நின்றது.

பேச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஜாயிண்டு மேல ஜாயிண்டு வருதே பிள்ளே!

வாயைத் திறந்தான். டீச்சர் அங்கிருந்தே விரலை உதட்டில் வைத்தார். மூடிக்கொண்டான்.

"யானை வருது, ஓரம் போ!" என்று கத்திக்கொண்டு ரிஸ்வானா பந்தை உருட்டினாள்.

சுவர் சரியாக அந்தக் கோட்டிலேயே பிளந்து, இரண்டு பக்கமும் சரிந்தது.

"யானை ஜெயிச்சிட்டு," என்றாள் ரிஸ்வானா.

"இரு, இரு. இன்னொரு தடவை."

இந்த முறை அபிதா களிமண் எடுத்துவந்தாள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அப்பி, விரலால் இழுத்து வழித்தாள். அந்த இழுப்பு அச்சு அசல் அவன் சாந்துக் கரண்டி இழுப்பு. எப்போது பார்த்தாளோ! பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். ஆனால் அடுக்கு பழைய அடுக்குதான்.

யானை வந்தது. சுவர் போனது.

மூன்றாம் தடவை அழுத்தி அழுத்தி வைத்தாள். அதுவும் போனது.

அபிதாவின் கீழுதடு பிதுங்கியது. எழுந்து நேராக அப்பாவிடம் வந்தாள்.

"நீ கட்டிக் குடுப்பா."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு கட்டை. அதைப் பாதி தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஊரில் அத்தனை பேர் வீட்டுச் சுவரையும் நிறுத்தியவன், பெற்ற பிள்ளையின் சுவர் விழுவதைக் கோழியும் உரலுமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அவர் பக்கம் திரும்பினான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததால்தான் அவன் எழுந்து போகவில்லை.

கையிலிருந்த இரண்டையும் மகளுக்குத் தூக்கிக் காட்டினான்.

அபிதா மூக்கை உறிஞ்சினாள். கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பிப் போய், விழுந்து கிடந்த குவியல் முன்னால் குந்தினாள்.

ரொம்ப நேரம் குந்தியே இருந்தாள். அடி வரிசை மட்டும் அப்படியே நின்றது. அதில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தேய்த்தாள்.

"ஏட்டி ரிஸ்வானா. எப்பவும் இங்கனதான் பிளக்குது."

"ஆமா. அதான் யானைக்கு வழி."

"அப்ப வழியை அடைக்கணும்."

ஒரு கட்டையை எடுத்தாள். அந்தப் பிளவின் மேலேயே, இரண்டு கட்டைகளுக்கும் பாதிப்பாதியாக வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. இரண்டு ஓரத்திலும் பள்ளம் விழுந்தது. சாக்கைக் கிளறினாள். ஒன்று நீளம். வேண்டாம். இன்னொன்றும் நீளம். கடைசியில் இரண்டு அரைத் துண்டுகள் கிடைத்தன. வைத்தாள். சிக்கென்று உட்கார்ந்தன.

பேச்சிமுத்து மூச்சு விடவில்லை.

அடுத்த வரிசை. மறுபடி பிளவின் மேல் கட்டை. ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு ஓரத்தில் அரை. ஒரு தடவை மறந்து நேராக வைத்துவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்த்தினாள். அஞ்சாவது வரிசை முடிந்தபோது வகுப்பே வந்து சுற்றி நின்றது.

"யானை வருது!"

ரிஸ்வானா வஞ்சகமில்லாமல் முழுப் பலத்தோடு உருட்டினாள்.

சுவர் குலுங்கியது. பந்து வந்த வழியே திரும்பிப் போனது.

கூரை பிய்கிற மாதிரி ஒரு கத்தல். பிள்ளைகள் குதித்தார்கள். ரிஸ்வானா எல்லாரையும்விட உயரமாகக் குதித்தாள். "எங்க சுவரு! எங்க சுவரு!" என்றாள், தான் யானைப் பாகன் என்பதையே மறந்து.

பேச்சிமுத்துவுக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்ட முடியவில்லை. கால்களைத் தரையில் தட்டினான்.

டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதை யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தது? நீங்களா?"

"எனக்குக் கட்டட வேலை தெரியாதுண்ணே. இன்னிக்குத்தான் நானே பாக்கேன்."

"எனக்கு இது பதினெட்டு வயசுல வந்துச்சு. ஆறு மாசம் மேஸ்திரி கரண்டிக் காம்பாலயே விரல்ல போடுவாரு. ஜாயிண்டு மேல ஜாயிண்டு வைக்காத, வைக்காதன்னு. ஏன்னு கேட்டா இன்னும் ரெண்டு போடுவாரு."

"அப்புறம் எப்பத் தெரிஞ்சுது, ஏன்னு?"

பேச்சிமுத்து மகள் கட்டிய சுவரைத் திரும்பிப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக அவன் கை அப்படித்தான் வைக்கிறது. பிளக்கிற வழியை அடைக்கத்தான் அந்தக் கல் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவனும் யோசித்ததில்லை.

"இப்பத்தான்," என்றான்.

கண்ணைத் துடைக்கக் கை இல்லை. சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டான்.

"இவளுக்கு எப்படி டீச்சர்? அஞ்சரை வயசு!"

"மூணு தடவை விழுந்துச்சுல்லா," என்றார் டீச்சர்.

வாசலில் நிழல் தட்டியது. எச்.எம். சார். கையில் முத்திரையும் மைப்பெட்டியும்.

"மணி பன்னெண்டு ஆயிட்டு. வழியில வண்டி நின்னு போச்சு. டி.சி. கேட்டது யாரு?"

பேச்சிமுத்து இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

"சார், அதை விடுங்க. இங்க வாங்க. இந்தச் சுவரைப் பாருங்க. எம்மவ கட்டுனது!"

எச்.எம். சார் குனிந்து பார்த்தார். "அட! நல்லா இருக்கே."

"வெறும் 'நல்லா இருக்கே'தானா? எங்கிட்ட மூணு வருஷமா வேலை பாக்கவனுக்கு இந்த அடுக்கு வராது சார்! ஓரத்துல அந்த அரைக்கட்டையைப் பாருங்க. யாரும் சொல்லல. அவளாத் தேடி எடுத்தா. நான் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். டீச்சர் சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த கோழியையும் உரலையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். விண்ணப்பத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மூலையில் அடுத்த பிரச்சினை கிளம்பியிருந்தது.

"யானை சைடுல வந்தா?" என்றாள் ரிஸ்வானா.

அபிதா யோசித்தாள். சுவரின் முனையில் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். தனியாக நின்றது. விரலால் தொட்டாள். நகர்ந்தது. எழுந்து ஓடிவந்தாள்.

"அப்பா, மூலையில எப்படிப்பா திருப்பணும்?"

மூலை திருப்புவதில் பேச்சிமுத்துவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதற்கென்றே தேடி வந்து கூட்டிப்போவார்கள். பதில் நாக்கு நுனியில் நின்றது. இரண்டு கையும் காலியாக இருந்தது. டீச்சரோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான்.

"தெரியலையே மக்ளே," என்றான். "கட்டிப் பாப்பமா?"