அவித்த மணல்

"என் வீட்ல மட்டும் ஏன்மா செத்துப்போகுது?" என்று கேட்டார் மதனகோபால்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆரஞ்சு நிற மோலி மீன் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்த மாதத்தில் அது பதினோராவது.

டெல்பினா பையை வாங்கிப் பார்த்தாள்.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் கடைசிக் கடை அவளுடையது. வயது முப்பத்து நான்கு. மதனகோபாலுக்கு அறுபத்தொன்று. டெல்பினாவின் நைட்டிக்கு மேல் ஒரு ஈரத் துண்டு, முழங்கை வரை பாசி நாற்றம். மீன் விஷயத்தில் அவருக்கு அவள்தான் குரு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அங்கே ஒரு தாடிக்காரர் இருக்கிறார், மீனைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

"தொட்டி அடியில என்ன போட்டிருக்கீங்க சார்?"

"ஆத்து மணலு. கொஞ்சம் கூழாங்கல்லு."

"சுத்தம் பண்றீங்களா?"

மதனகோபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேக்குறியே. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் கத்தி, கத்திரி எல்லாத்தையும் அவிச்சுக் குடுத்தவன்மா நான். ஞாயித்துக்கிழமை ஆனா மணலை மொத்தமா அள்ளிக் கொதிக்க வைப்பேன். பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, மொட்டை மாடியில காய வச்சுத்தான் திரும்பப் போடுவேன். கல்லை ஒவ்வொண்ணா டூத் பிரஷ்ஷால தேய்ப்பேன். ஒரு கிருமி உசுரோட இருக்காது."

"இருக்காதுதான்," என்றாள் டெல்பினா.

பின்னால் இருந்த பெரிய தொட்டிக்குள் கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பழுப்பு நிறம். தொட்டால் வழவழப்பு. மழை நின்ற பிறகு தோட்டத்தில் வருமே, அந்த வாசனை.

"இது என்ன சார்?"

"அழுக்கு."

"இந்தத் தொட்டியில மூணு வருஷமா ஒரு மீனும் சாகலை."

மதனகோபால் தலையாட்டினார். ஆனால் கண் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த மண்ணையே தண்ணீரோடு ஒரு பையில் கட்டினாள். பாசி பிடித்த கல் நாலைந்தையும் உள்ளே போட்டாள். கூட ஒரு மோலி.

"கல்லை முதல்ல தொட்டியோட அடிக் கண்ணாடி மேல உட்கார வைங்க. அப்புறம் சுத்தி மண்ணைப் போடுங்க. கழுவாதீங்க."

"சரிம்மா."

வீட்டுக்குப் போனார். கழுவினார்.

அவர் கேட்காமல் இல்லை, நன்றாகத்தான் கேட்டார். கை கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷத்துக் கை அது, அதுபாட்டுக்குக் குழாயைத் திறந்துவிட்டது.

ஐந்தாம் நாள் பன்னிரண்டாவது மீனோடு வந்து நின்றார்.

"கழுவினீங்களா?"

"லேசா."

மதனகோபால் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவரை சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

"என் சம்சாரம் அம்சவேணிக்காகத்தாம்மா இந்த மீனு. பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. பேச்சு போயிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த பத்தாம் நாளு நெஞ்சுல சளி கட்டி, திரும்பவும் ஐ.சி.யு. பொழைச்சதே பெருசு. இப்பப் பேச்சு வரலைன்னா அப்புறம் கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டிலுக்கு எதிர்ல இந்தத் தொட்டியை வச்சேன். மீனு ஓடினா பார்க்குறா. செத்துட்டா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குறா. எனக்குப் பயமா இருக்கு."

டெல்பினா கையைத் துண்டில் துடைத்தாள்.

"மீன் தர மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"மண்ணு மட்டும் தரேன். ஒரு மாசம் மண்ணை வளருங்க. காத்து மோட்டார் ஓடட்டும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க."

"மீனே இல்லாம தீனியை யாரு திம்பா?"

"உள்ள இருக்கிறவங்க."

"உள்ள யாரு இருக்கா?"

"உங்களுக்கு ஆகாத கிருமிங்க. தண்ணியைச் சுத்தமா வைக்கிறது அவங்கதான்," என்றாள் டெல்பினா.

இந்தத் தடவை கழுவவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். தினம் தீனி போட்டார். தீனி கல் இடுக்கில் ஊறியது, அழுகியது, அதன் மேல் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ படர்ந்தது. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிவிட்டது. பெரிய சோதனைதான் மனுஷனுக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. வீட்ல இருந்தா கழுவிடுவேன்."

டெல்பினா அவருக்கு ஒரு டீ சொன்னாள்.

மூன்றாவது வாரம் தண்ணீர் தானாகத் தெளிந்தது. அவர் எதுவும் செய்யவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். கற்கள் மேல் பச்சை ஏறியிருந்தது, மணல் பழுப்பாகியிருந்தது, தண்ணீர் மட்டும் பளிங்காக இருந்தது. மாதம் முடிந்ததும் அவர் கொண்டு வந்த தொட்டித் தண்ணீரை டெல்பினா குப்பியில் ஊற்றிச் சோதித்துப் பார்த்து ஆறு மோலி கொடுத்தாள்.

ஆறும் பிழைத்தன.

ஆறு வாரம் கழித்து மதனகோபால் மறுபடி வந்தார். கையில் பை இல்லை.

"மீனு நல்லா இருக்கும்மா. குட்டிகூடப் போட்டிருச்சு."

"அப்புறம் என்ன சார்?"

"அவ பேசலை. நாள் பூரா மீனையே பார்க்குறா, ஒரு வார்த்தை வரலை. மண்ணுல இன்னும் ஏதாவது குறை இருக்குமா?"

டெல்பினா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"வாங்க, வந்து பார்க்குறேன்."

மதனகோபால் வீட்டு கேட்டை ஒட்டி ஒரு குழாய் இருந்தது. கால் கழுவச் சொன்னார். கை கழுவச் சொன்னார். கையில் மருந்து ஊற்றினார். மாஸ்க் கொடுத்தார். டெல்பினா எல்லாவற்றையும் செய்தாள்.

அறையில் பினாயில் வாசனை ஆளைத் தூக்கியது. வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, சாத்திய ஜன்னல். தரையில் முகம் பார்க்கலாம். கட்டிலில் அம்சவேணி தலையணையில் சாய்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பினா குனிந்து தொட்டியைப் பார்த்தாள். கல் இடுக்கில் குட்டிகள் ஓடின.

"தொட்டி அருமையா இருக்கு சார். மண்ணுல ஒரு குறையும் இல்ல."

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"அம்சாக்கா. அக்கோவ். எப்படிக்கா இருக்க?"

அம்சவேணி மீனை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

மதனகோபால் ஜன்னலை ஒரு சாண் திறந்தார். "தூங்குறாம்மா. இன்னொரு நாள் வா." திரும்பவும் சாத்தினார்.

"யாரு சார்?"

"பூக்காரி பேபி. தினமும் வந்து கத்திட்டுப் போகும். லாரித் தண்ணிக்கு இவளும் அதுவும் ஒண்ணா நிப்பாங்க. இவ ஒருத்தி சத்தத்துலதான் தெருவே வரிசையில நிக்கும்."

"உள்ள விட மாட்டீங்களா?"

"யாரையும் விடுறதில்லம்மா. இந்த ரூம்ல ஒரு கிருமி..."

மதனகோபால் தொட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பினா மாஸ்கைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

மதனகோபால் வெறுங்காலோடு தெருவில் ஓடினார். பேபி முக்கு திரும்பப் போனவள் நின்றாள்.

"வாம்மா, பேபி. உள்ள வா."

பேபி வந்தாள். கேட்டருகே குழாயைப் பார்த்ததும் கூடையை இறக்கப் போனாள்.

"கால் கழுவ வேணாம். அப்படியே வா."

அவள் நாற்காலியைத் தேடவில்லை. நேராகக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ஈரக் கூடையை வெள்ளை விரிப்பு மேலேயே வைத்தாள். மதனகோபால் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா இப்படி இளைச்சுட்ட," என்று பேபி அம்சவேணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இல்லாம தெருவே நாறிப்போச்சு. லாரி வந்தா ஒரே அடிதடி. அந்த மூணாவது வீட்டுக்காரி இருக்காளே, நேத்து ஒன்பது குடம் புடிச்சாக்கா. ஏன்டின்னு கேட்டா, சட்டம் எங்க எழுதியிருக்குன்றா. வீட்டுக்கு எத்தனை குடம்னு நீ வச்சிருந்த, சொல்லு?"

அம்சவேணியின் புருவம் நெறிந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"நா... நாலு," என்றாள்.