துண்டுக்கு டிக்கெட், ஆளுக்கு பாஸ்

தேனிக்கு மேற்கால எருமைக்கல்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு வேலையைச் சொன்னா, சொன்னபடியே செஞ்சு முடிச்சிருவாங்க. அதனாலதான் சுத்துப்பட்டுல ஒருத்தரும் அவங்ககிட்ட வேலை சொல்றதில்ல.

அந்த ஊர்ல மொக்கராசுன்னு ஒருத்தன். அவனுக்கு ஒரே தங்கச்சி, பேரு பஞ்சவர்ணம். அவளைக் கட்டிக் குடுத்தது சுவிட்சர்லாந்துல, சூரிச்சுங்கிற ஊர்ல. மாப்பிள்ளை தங்கப்பாண்டி அங்க ஒரு ஓட்டல்ல தோசை மாஸ்டர். அவங்க மகளுக்கு மூணு வயசாச்சு, காது குத்தணும். காது குத்துன்னா தாய்மாமன் மடி வேணும், தாய்மாமன் கொண்டாந்த தோடு வேணும். ஞாயித்துக்கிழமை காலையில பத்தரைலருந்து பன்னண்டுக்குள்ள முகூர்த்தம்னு குறிச்சுட்டாங்க.

இதுல ஒரு முள்ளு இருந்துச்சு. பெரியப்பா மகன் சுருளிவேல் ஜெர்மனியில இருக்கான், சொந்தமா காரு வெச்சிருக்கான். "நானும் மாமன் மொறைதானே, மொக்கராசு வந்து சேரலைன்னா எம்மடி இருக்கு"ன்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வெச்சுட்டான். அவன் சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்ல. தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு மொக்கராசுகிட்ட, "ஐயரு வர்ற வரைக்கும் மண்டபத்து வாசல்ல நில்லுப்பா"ன்னாங்க. ஐயரு பின்வாசல் வழியா வந்து தாலியும் எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மொக்கராசு சாயங்காலம் வரைக்கும் முன்வாசல்ல நின்னான். கூடப் பொறந்தவ கழுத்துல தாலி ஏறுறதப் பாக்காத அண்ணன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான். இந்த மடியையும் விட்டுட்டா அப்புறம் ஊர்ல தலை காட்ட முடியாதுன்னு அவனுக்கே தெரியும்.

தொணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டான். ஒருத்தன் சித்தப்பா மகன் வீரணன். இன்னொருத்தன் பேச்சியப்பன், பத்தாம் வகுப்பை மூணு வருசம் படிச்சதால ஊர்லயே ரொம்பப் படிச்சவன். பாரீசுக்குத்தான் விமானம் சல்லிசாக் கெடைச்சுது, அதுல போயி எறங்கினாங்க. அங்கருந்து சூரிச்சுக்கு ரயில்ல போகணும். சனிக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணி வண்டிக்கு மூணு சலுகை டிக்கெட்டு எடுத்து வெக்கச் சொல்லி, பாரீசுல டிராவல்ஸ் வெச்சிருக்குற ஒரு பாண்டிச்சேரிக்காரர்கிட்ட ஏற்பாடு பண்ணியிருந்தாரு தங்கப்பாண்டி. ஏழாம் நம்பர் பெட்டி, சீட்டு நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு. நடுவுல மாற வேண்டியதில்ல, ஏறி உக்காந்தா சூரிச்சுதான். கதை அதோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா டிக்கெட்ட வாங்கிக்கப் போன எடத்துல, டிராவல்ஸ் செவுத்துல ரயில் படம் போட்டு ஒரு நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. அது என்னன்னு பேச்சியப்பன் கேட்டுட்டான். டிராவல்ஸ்காரர் பாவம், நல்ல மனுசன், பொறுமையா வெளக்கினாரு. இது பாசு. ஒரு மாசத்துக்குள்ள எந்த நாலு நாள் வேணும்னாலும் ஐரோப்பாவுல எந்த ரயில்ல வேணும்னாலும் ஏறலாம், எறங்கலாம். டிக்கெட்டு அப்படியில்ல. அந்த நாளு, அந்த வண்டி, அந்தச் சீட்டு. மாத்த முடியாது, தவற விட்டா போனது போனதுதான். ஊர் சுத்திப் பாக்குறவங்களுக்குத்தான் பாசு, ஒரே ஊருக்குப் போறவங்களுக்கு டிக்கெட்டே போதும், உங்ககிட்டத்தான் அது இருக்கேன்னாரு.

மூணு பேரும் வெளிய வந்து நடைபாதையில வட்டமா உக்காந்தாங்க.

"பேச்சி, நீ படிச்சவன். எது ஒசத்தி?"ன்னான் மொக்கராசு.

பேச்சியப்பன் கண்ணை மூடி யோசிச்சான். "டிக்கெட்டுங்கிறது அளவுச் சாப்பாடு. ஒரு கிண்ணம் சோறு, ஒரு கரண்டி சாம்பாரு, எந்திரின்னுருவான். பாசுங்கிறது முழுச் சாப்பாடு. நீ போதும்னு இலையை மூடுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பான்."

"இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்து அளவுச் சாப்பாடா சாப்பிடுறது?"ன்னான் வீரணன்.

அவன் கேட்டது மொக்கராசுக்குச் சுருக்குன்னு தச்சுருச்சு. உள்ள போயி மூணு பாசு வாங்கிட்டான். டிராவல்ஸ்காரர் தலையில கைய வெச்சுக்கிட்டே, கடைசியா ஒரு விசயம் சொன்னாரு. வேகமாப் போற வண்டிகள்ல பாசு மட்டும் இருந்தாப் பத்தாது, முன்கூட்டியே எடம் பிடிச்சு வெச்சுக்கணும். அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரணுமா, தேனி பஸ் ஸ்டாண்டுல பழகினவங்க நாங்கன்னுட்டு மூணு பேரும் தோள்ல கெடந்த துண்டத் தட்டிக் காமிச்சாங்க.

மறுநாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கே ஸ்டேஷன் வந்துட்டாங்க. வந்த எடத்துல ஒரு சிக்கல். கையில டிக்கெட்டும் இருக்கு, பாசும் இருக்கு. ஒரு ஆளு ரெண்டு இலையில எப்படி உக்காருறது? பாசுல போனா டிக்கெட்டு வீணு, டிக்கெட்டுல போனா பாசு வீணு. பெட்டி மேல உக்காந்து அரை மணி நேரம் பேசினாங்க. மொக்கராசுக்குத்தான் வழி தோணுச்சு.

"டிக்கெட்டுல சீட்டு இருக்கு. எடம் பிடிக்கணும்னு அவரே சொன்னாரு. சீட்டுல துண்டப் போட்டு எடத்தப் பிடிச்சுருவோம். எடம் பிடிச்சாச்சுன்னா அப்புறம் நாம எந்த வண்டியில வந்தா என்ன?"

பேச்சியப்பன் அவனை மேலும் கீழும் பாத்தான். "நீ மட்டும் பத்தாவது படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப"ன்னான்.

ஊர் வழக்கப்படி ஜன்னல் வழியாத் துண்ட வீசினான் வீரணன். கண்ணாடி தெறக்காத ஜன்னலு. துண்டு கண்ணாடியில பட்டு அவன் மொகத்துலயே வந்து விழுந்துச்சு. நாலு தடவை வீசிப் பாத்துட்டு, இந்த ஊர் ஜன்னலுக்கு வெவரம் பத்தலைன்னு உள்ள ஏறினாங்க. ஏழாம் பெட்டியில, நாப்பத்தொண்ணுலருந்து நாப்பத்திமூணு வரைக்கும் பச்சைக்கரை போட்ட துண்டு மூணையும் அழகா விரிச்சாங்க. ஒவ்வொரு துண்டு மேலயும் ஒரு டிக்கெட்ட வெச்சாங்க.

எறங்கப் போனவன் நின்னு, இடுப்புலருந்து தோட்டை எடுத்தான் மொக்கராசு. நாமளோ எந்தெந்த வண்டியிலயோ ஏறி எறங்கப் போறோம், துண்டுதான் நேரா சூரிச்சுக்குப் போகுது, தோடு துண்டோட இருக்குறதுதானே பத்திரம்னான். அந்தப் பயணத்துலயே அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். தோட்டைத் தன் துண்டு முனையில முடிஞ்சான். எதிர் சீட்டுல ஒரு வெள்ளைக்கார அம்மா உக்காந்திருந்தாங்க. "சித்த பாத்துக்கங்கம்மா"ன்னான். அந்தம்மா தலையாட்டினாங்க. மூணு பேரும் கீழ எறங்கினாங்க. பன்னண்டு மணிக்கு வண்டி கெளம்புச்சு. துண்டுங்களுக்குக் கையாட்டி வழியனுப்பி வெச்சாங்க.

அப்புறம் பாசுப் பயணம் தொடங்குச்சு. வேகமான வண்டிக்குத்தானே எடம் பிடிக்கணும், அதனால மெதுவாப் போற வண்டியாப் பாத்து ஏறினாங்க. எங்க போற வண்டின்னு யாரும் பாக்கல. கொஞ்ச நேரத்துல டிடிஆர் வந்தாரு. பாசை வாங்கிப் பாத்தாரு, சிரிச்சாரு, குடுத்துட்டுப் போயிட்டாரு.

"பாத்தியா, சரியான வண்டிதான்"ன்னான் பேச்சியப்பன். "தப்பான வண்டின்னா எறக்கி விட்டிருப்பாரே."

அடுத்த வண்டியிலயும் டிடிஆர் சிரிச்சாரு. அதுக்கடுத்ததுலயும் சிரிச்சாரு. சனிக்கிழமை முச்சூடும் அவங்க ஏறின அஞ்சு வண்டியும் சரியான வண்டியாவே அமைஞ்சு போச்சு. வெறும் டிக்கெட்டா இருந்திருந்தா மொத வண்டியிலயே எவனாவது காதைப் பிடிச்சு எறக்கியிருப்பான். பாசு வெச்சிருக்குறவனுக்குத் தப்பான வண்டின்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது.

நடுவுல ஒரு ஜங்ஷன்ல எதிர் பிளாட்பாரத்துலயே சூரிச்சுன்னு போர்டு போட்ட வண்டி ஒண்ணு நின்னுச்சு. வீரணன் எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொன்னான். மொக்கராசு பாதி எந்திரிச்சுட்டான். பேச்சியப்பன் அவன் சட்டையப் பிடிச்சு உக்கார வெச்சான்.

"இந்த வண்டி இன்னும் முடியல. ரசத்தோட எந்திரிச்சா போட்டவனுக்கு மரியாதையா? மோரு வரட்டும்."

மொக்கராசு உக்காந்தான். சூரிச்சு வண்டி போச்சு. இவங்க வண்டிக்கு மோரு ஜெர்மனியில வந்துச்சு.

அதே நேரம் சூரிச்சு ஸ்டேஷன்ல தங்கப்பாண்டி மாலையோட நின்னுக்கிட்டிருந்தாரு. ஏழாம் பெட்டியிலருந்து எல்லாரும் எறங்கிட்டாங்க, மச்சானைக் காணோம். உள்ள ஏறிப் பாத்தாரு. மூணு துண்டு உக்காந்திருக்கு. ஒரு வெள்ளைக்கார அம்மா எறங்காம அதுங்களுக்குக் காவல் இருக்காங்க. அவரு தோசைக்காரரு, எதையும் சூட்டோட பாக்குறவரு, ஆனா அன்னைக்கு அவருக்கே கொஞ்சம் குளிருச்சு. துண்டுங்களை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. முனையில முடிச்ச அவுத்துத் தோட்டைப் பாத்ததும், அண்ணன் சீமைக்குள்ள வந்துட்டான்னு பஞ்சவர்ணம் அழுதா. அழுதுக்கிட்டே போன் போட்டா.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?"

"ரயில்ல ஆத்தா."

"எந்த ரயில்ல?"

"எந்த ரயில்னாலும் போகலாம் ஆத்தா. அப்படியாப்பட்ட பாசு."

பஞ்சவர்ணமும் எருமைக்கல்பட்டியில பொறந்தவதான். அதனால அவளுக்கு வைத்தியம் தெரியும். கோவப்படாம, பக்கத்துல எவராவது ரயில்வே உடுப்புப் போட்டவங்க இருந்தா அவங்க கையில போனைக் குடுன்னா. அவங்க சொல்ற வண்டியில ஏறு, அந்த வண்டி முடியிற எடம் வரைக்கும் எறங்காதன்னா. மொக்கராசு சொன்னபடி செஞ்சான். அன்னைக்கு ராத்திரி அதுக்கு மேல வண்டி இல்லாததால, ஞாயித்துக்கிழமை காலையில உடுப்புப் போட்ட ஒரு அம்மா மூணு பேரையும் கைப்பிடிச்சுக் கூட்டிப்போயி வண்டியில ஏத்தி விட்டாங்க. வண்டி பதினொண்ணேகாலுக்குச் சூரிச்சுல முடிஞ்சுது. தங்கப்பாண்டியோட கூட்டாளி கார்ல காத்துக்கிட்டு இருந்தாரு.

கோயில் மண்டபத்துல அதுக்குள்ள பதட்டம். பதினொண்ணே முக்காலாச்சு. ஆசாரி ஊசியோட உக்காந்துட்டாரு, தோடு தட்டுல இருக்கு, மாமன் நாற்காலி காலியாக் கெடக்கு. சுருளிவேல் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, மடியைத் தட்டி விட்டுக்கிட்டு, நாற்காலியைப் பாத்து வந்தான். பஞ்சவர்ணம் பாத்தா. வெரசா அண்ணன் துண்டை எடுத்து அந்த நாற்காலியில போட்டா. சுருளிவேல் அப்படியே நின்னுட்டான். கார் வெச்சிருந்தாலும் அவனும் தேனி ஜில்லாக்காரன். துண்டு போட்ட எடத்துல உக்காரலாமா?

அந்த நேரத்துக்குத்தான் மொக்கராசு வேர்த்து விறுவிறுத்து உள்ள ஓடியாந்தான். ஓடியாந்தவன் நாற்காலி முன்னால வந்து டக்குன்னு நின்னான்.

"ஏன் நிக்கிற, உக்காருண்ணே"ன்னா பஞ்சவர்ணம்.

"எப்படி ஆத்தா? யாரோ துண்டு போட்டுருக்காங்க."

"அது ஒன் துண்டுதாண்ணே."

மொக்கராசு குனிஞ்சு பாத்தான். நிமிந்தான். தலையாட்டினான். "என் துண்டு ஏழாம் நம்பர் பெட்டியில நாப்பத்தொண்ணுல இருக்கு. நானே விரிச்சுட்டு வந்தேன்."

பேச்சியப்பனும் குனிஞ்சு பாத்தான். கரை பச்சைதான், ஆனா பச்சைக்கரைத் துண்டு ஊருக்கு ஆயிரம் பேருகிட்ட இருக்கும், பேரு எழுதாத துண்டை எப்படி நம்புறதுன்னான். தட்டுல இருந்த தோட்டையும் பாத்தான். இதுவும் நம்ம தோடு மாதிரியே இருக்கு, நாம கொண்டு வர மாட்டோம்னு மாப்பிள்ளை முன்னாடியே ஒண்ணு வாங்கி வெச்சுட்டாரு, முன்யோசனைக்காரருன்னான்.

மணி பதினொண்ணு அம்பத்தஞ்சு. ஆசாரி ஊசியோட எல்லாரையும் மாறி மாறிப் பாத்தாரு.

மொக்கராசு தங்கச்சி தலையில கைய வெச்சான். அவன் கண்ணு கலங்கிருச்சு. "எம்மேல இருக்குற பாசத்துல அடுத்தவன் எடத்தத் தூக்கி எனக்குக் குடுக்குற ஆத்தா. வேணாம். நாளைக்கு நம்ம புள்ளைய ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

சொல்லிட்டு நாற்காலிக்குப் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்தான். பஞ்சவர்ணம் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம புள்ளையத் தூக்கி அவன் மடியில வெச்சா. பன்னண்டு அடிக்க ரெண்டு நிமிசம் இருக்கையில ஊசி எறங்குச்சு. புள்ள வீல்னு கத்துச்சு. அதை விடச் சத்தமா மாமன் கத்தினான். ஆல்பத்துல எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு காலி நாற்காலி, அதுல ஒரு துண்டு, கீழ தரையில தாய்மாமன். சுருளிவேல் மட்டும் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தான்.

பந்தி முடிஞ்சுது. மூணு பேரும் மோரு வரைக்கும் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிச்சாங்க. கை கழுவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினாங்க.

"இப்பத்தானண்ணே வந்த. எங்க கெளம்புற?"ன்னா பஞ்சவர்ணம்.

"துண்டு எங்க திரியுதோ, முனையில தோடு வேற இருக்கு. பாசுல இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு, ஒரு எட்டுத் தேடிட்டு வந்துர்றேன்."

அவ வாசல் வரைக்கும் துண்டைத் தூக்கிக்கிட்டு ஓடினா. மொக்கராசு திரும்பிப் பாத்தான், பதறிப் போயிட்டான்.

"ஏ ஆத்தா, அத ஏன் எடுத்த? கொண்டு போயி நாற்காலியிலயே போடு. அந்த மனுசன் வந்து எங்க உக்காருவாரு?"