கணுக்கால் வரைக்கும் பிரபு

இத்தாலி முழுக்கப் பழைய ரோமாபுரிப் பைத்தியம் பிடித்து ஆட்டிய காலம். மண்ணைத் தோண்டி எடுத்த சிலை என்றால் போதும், மூக்கில்லாவிட்டாலும் கும்பிட்டார்கள். பாண்டோல்ஃபோ பிரபுவின் தோட்டத்தில் அப்படி எத்தனையோ நின்றன. ஒன்றுக்கும் கை கிடையாது, பாதிக்குத் தலையே கிடையாது. பிரபுவுக்கு மட்டும் தலைக்கனம் அதிகம். அவர் முகத்தை எவனாவது நிமிர்ந்து பார்த்தால் கசையடிதான்.

ஒருநாள் சிற்பக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"என்னைச் சிலையா வடிக்கணும். என் பழைய சிலைகளோட வெச்சா வித்தியாசமே தெரியக் கூடாது. தெரிஞ்சா வடிச்சவன் தலை இருக்காது."

தலைமைச் சிற்பி அன்றைக்கே ஊரைவிட்டு ஓடிப்போனார். மிச்சமிருந்தவள் கல்லுக்கு மெருகு போடும் தெஸ்ஸா. அவளே செதுக்கி முடித்து, தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துத் துணியை விலக்கினாள்.

பீடத்தின் மேல் இரண்டு பாதங்கள். பிரபுவின் கோணல் பெருவிரல்கூட அப்படியே இருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை.

"மீதி நான் எங்கேடி?" என்று கத்தினார் பிரபு.

"தலையை வெச்சா புதுசுன்னு தெரிஞ்சிடுமே, பிரபு!"

"வெறும் காலைப் பார்த்து நான்னு எவனுக்குடி தெரியும்?"

"யாரையாவது கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

பிரபு ஒதுங்கி நின்று மணியடித்தார். காவலாளி குனிந்த தலையோடு ஓடிவந்தான். கோணல் விரலைக் கண்டதும் பீடத்தின் முன்னால் தடாலென்று விழுந்தான்.

"கூப்பிட்டீங்களா, பிரபு?"

"டேய்! நான் இங்கே நிக்கிறேன்டா!"

காவலாளி திரும்பி, அவர் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தான்.

"யோவ், யாருய்யா நீ? பிரபு முன்னால நின்னுக்கிட்டு என்ன சத்தம்?"