கொற்றியாரின் ஒரு பிடி உப்பு

ஒரு மனிதனுடைய கடைசிப் பசிக்கு விலை என்ன என்று கேட்டால் நீங்களும் நானும் விழிப்போம். புன்கவனத்து அரண்மனை விழிக்காது. அரைப் பணம் என்று சொல்லிவிடும். கழுவேறப் போகிறவன் கேட்கும் கடைசிச் சோற்றுக்குக் கருவூலம் அளந்தது அவ்வளவுதான். அதிலும் கணக்கன் கைபட்டு வரும்போது ஓரம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். செத்துப் போகிறவன் திரும்பி வந்து பேரமா பேசப் போகிறான்?

அந்தத் தேய்ந்த காசை வாங்கி, அந்தச் சோற்றைச் சமைத்துக் கொடுத்தவர் கொற்றியார். கணவரை இழந்தவர். சிறைக்கோட்டத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு கூரைவீடு, இரண்டு மண்பானை, ஒரே மகன். அதுதான் அவருடைய சொத்து.

புன்கவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கழுவுக்குக் குறித்தவன் எதைக் கேட்டாலும் அதைச் சமைத்துப் போட வேண்டும். அவன் உண்டு முடித்து, தன் வாயால் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பறை கொட்டும், கழுமேட்டுக்குக் கூட்டிப் போவார்கள். ஊராருக்கு இரக்கம் பொங்கி வழிந்து உண்டான வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பசியோடு செத்தவன் ஊரைச் சுற்றுவான், அவன் சுற்றும் ஊரில் வியாபாரம் படுக்கும் என்ற பயம். வணிகர் ஊரில் தருமத்துக்கும் ஒரு லாபக்கணக்கு இருக்கத்தான் செய்யும்.

கேட்டவர்கள் எப்படியெல்லாம் கேட்டார்கள்! பருவம் தப்பிய பலாச்சுளை கேட்டான் ஒருவன். கொற்றியார் மலையடிவாரம் வரை நடந்துபோய் வாங்கிவந்தார். பெரிய இடத்துப் பிள்ளை ஒருவன், பழையதும் சின்ன வெங்காயமும் போதும் என்றான். இன்னொருவன் ‘போதும்’ என்ற சொல்லைத் தள்ளிப்போட, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை தின்றான். தின்றான், கக்கினான், மறுபடி தின்றான். அவனுக்கும் முகம் சுளிக்காமல் பரிமாறினார். கடைசியில் அவன் வயிறே அவனைக் காட்டிக்கொடுத்தது.

எந்தச் சோற்றையும் புன்கவனநாதருக்குக் காட்டாமல் கொற்றியார் சிறைக்குள் கொண்டுபோனதில்லை. “சாவுச் சோறு கோயில் படி தாண்டக் கூடாது” என்று குருக்கள் விலக்கியிருந்தார். ஆகவே கோபுரவாசலுக்கு வெளியே, வெறுந்தரையில் பானையை இறக்குவார். “ஐயா, அவன் கேட்டது இதுதான். அவன் பசி உன் பசி. முதல் வாய் நீ பார்” என்பார். சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவ்வளவுதான் அவர் பூசை.

ஊரார் அவருக்கு வைத்த பெயர் கழுச்சோற்றுக் கொற்றி. எதிரே வந்தால் சகுனம் பார்த்துத் திரும்புவார்கள். கடைத்தெருவில் உலகளந்தான் என்றொரு மளிகைக்காரர். பெயர்தான் உலகளந்தான், உழக்கை ஒருநாளும் சரியாக அளந்ததில்லை. கொற்றியார் கைபடக் கூடாதென்று சரக்கைத் தள்ளி நின்று எறிவார். காசை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொள்வார். காசுக்குத் தீட்டு இல்லை பாருங்கள்.

மகன் சேந்தன் உப்பு வண்டி ஓட்டியவன். ஒரு நாள் அம்மையார் பாக்குமட்டையில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு கிளம்பியவன், காட்டுவழியில் வெட்டுண்டு கிடந்தான். மாடுகளும் போயின, மூட்டைகளும் போயின.

அன்று முதல் அம்மையாரை ஒரே கேள்வி அரித்தது. கொன்றவன் யார் என்பதல்ல அது. ‘என் பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் செத்தானா, சாப்பிடாமல் செத்தானா?’ ஊரான் பிள்ளைகளை எல்லாம் வயிறார அனுப்பிவைத்த கை அது. கோபுரவாசலில் நின்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராது. குளத்தங்கரையில் பெண்கள் அவர் காதுபடவே பேசுவார்கள்: “எமனுக்குப் பந்தி வெச்சவ வீட்டுக்கு, எமன் மொய் எழுத வரமாட்டானா?”

மழைக்காலம் போய்ப் பனி தொடங்கியபோது கொலைகாரன் அகப்பட்டான். கோவன் என்று பெயர். அவனுக்குக் கழு என்று தீர்ப்பாயிற்று. சிறைத்தலைவர் வயிரவனார் அரைப் பணத்தோடு வந்து, வாசலிலேயே தயங்கி நின்றார்.

“ஆத்தா, இந்த ஒரு தடவை வேற ஆளை வெச்சுக்கறோம். நீங்க ஒதுங்கிக்கங்க.”

“என்ன கேட்டான்?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“என்ன கேட்டான்னு சொல்லுங்க, ஐயா.”

வயிரவனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவனுக்கு நீங்க யாருன்னு தெரியாது ஆத்தா. அந்த உப்பு வண்டியில இருந்த புளிச்சோறுதான் வேணுமாம். பாதி தின்னும்போது ஆள் சத்தம் கேட்டு, சோத்தைப் போட்டுட்டு வண்டியோட ஓடிட்டானாம். அப்படியொரு சோறு பிறந்ததிலேருந்து தின்னதில்லையாம்.”

கொற்றியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். பிறகு கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார்.

செய்தி அவருக்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போயிருந்தது. புளியும் எள்ளும் வாங்கப் போனபோது உலகளந்தான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமாகவே ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

“எட்டிக்கொட்டைத் தூள் ஆத்தா. காசு வேணாம். கழுவுக்கு முன்னாடியே துடிக்கட்டும் நாய்.”

“கொசுறு வாங்கிப் பழக்கமில்லை, அப்பா. எள்ளை மட்டும் சரியா அளந்து போடு.”

மறுநாள் விடியலில் புளி கரைந்தது, எள் வறுபட்டது, மிளகு பொரிந்தது. எல்லாம் கைப்பழக்கத்தில் நடந்தது. உப்புக்கலயத்தைத் திறந்தபோதுதான் கை நின்றது. சேந்தன் முந்தின நடையில் கொண்டுவந்த உப்பு அதில் ஒரே ஒரு பிடி மிச்சமிருந்தது. அதை அவர் அடுப்பங்கரையில் விளக்குப்போல வைத்துக் காத்துவந்தார். இதையா அவனுக்கு?

உப்புப் போடாமலேயே கிளறினார். நஞ்சில்லை, கல்லில்லை, உப்பில்லை, அவ்வளவுதான். யார் கேட்கப்போகிறார்கள்? பானையைத் தூக்கிக்கொண்டு கோபுரவாசலுக்குப் போய்த் தரையில் இறக்கினார். “ஐயா, அவன் கேட்டது...” என்று தொடங்கினார். மேலே நாக்கு எழவில்லை. அவன் கேட்டது இதுவல்லவே. ஊரை ஏமாற்றலாம், கருவூலத்தை ஏமாற்றலாம். உள்ளே இருப்பவனிடம் எடைகுறைத்து நிறுக்க அம்மையார் உலகளந்தான் அல்லர். பேசாமல் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். கலயத்தைக் கவிழ்த்தார். கடைசிக் கல்வரை சோற்றில் விழுந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கோபுரவாசலுக்கு நடந்து, “அவன் கேட்டது இதுதான்” என்று இம்முறை முழுதும் சொன்னார்.

சிறையில் கோவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒட்டிய கன்னம், எலும்பு தெரியும் கை. ஒரு வாய் வைத்தவன் நிமிர்ந்தான்.

“இதேதான். இதே கைப்பக்குவம். ஆத்தா, அந்த வண்டியில இருந்ததும் நீங்க செஞ்சதா?”

“ஆமா அப்பா.”

“யாருக்குக் கட்டினது?”

“என் மகனுக்கு.”

சோற்றுருண்டை அவன் கையிலிருந்து இலையில் விழுந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டான். “போதும்! சொல்லிட்டேன். போதும், போதும்! கூட்டிட்டுப் போங்க!”

வயிரவனாருக்கு அப்பாடா என்றிருந்தது. பறைக்காரனுக்குக் கைகாட்டினார்.

“பறையை நிறுத்துங்க” என்றார் கொற்றியார். “அவன் வயிறு நிறையலை.”

“வாயால சொல்லிட்டான் ஆத்தா. வழக்கம் தீர்ந்தது.”

“வாய் சொல்லிச்சு. வயிறு சொல்லலை.” அவர் கோவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாதே. என் பிள்ளை அந்தச் சோத்தைத் தின்னானா?”

கோவன் தலை கவிழ்ந்தது. “இல்ல ஆத்தா. பொட்டலம் கட்டுப் பிரிக்காம இருந்துச்சு. ஆத்தோரம் போய்த் திங்கலாம்னு வெச்சிருந்தான்போல.”

அம்மையார் அழவில்லை. எத்தனையோ மாதமாகக் கோயில் வாசலில் கேட்ட கேள்விக்கு, கொன்றவன் வாயிலிருந்து விடை வந்தது. வாங்கிக்கொண்டார். பிறகு இலையில் விழுந்த உருண்டையைச் சேர்த்துப் பிடித்து நீட்டினார்.

“சாப்பிடு. அன்னைக்கும் பாதியில எழுந்தே. இன்னைக்கும் பாதியில எழுந்தா உன் பசி என் வாசல்லதான் வந்து நிக்கும். அங்க ஏற்கெனவே ஒருத்தன் நிக்கிறான், அப்பா. ரெண்டு பேருக்கு இடமில்லை.”

அவன் வாய் திறந்தான். ஒவ்வொரு வாயாக ஊட்டினார். பானை தீரும்வரை ஊட்டினார். கோவன் அழுதுகொண்டே விழுங்கினான். கடைசி வாய்க்குப் பிறகு, “போதும் ஆத்தா” என்றான். இப்போது சொன்னது வயிறுதான். அது கொற்றியாருக்குக் கேட்டது. எழுந்து வெளியே வந்தார். பின்னால் பறை கொட்டியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிப்பூசைக்குக் கருவறைத் தாழைத் திறந்த குருக்கள் மலைத்து நின்றார். பூட்டிய கருவறைக்குள் புளியும் எள்ளும் மணந்தன. லிங்கத்தின் முன்னே இரண்டு இலைகள், உண்டு முடித்து மடித்தவை. அவர் ‘யார் அது?’ என்று கத்துவதற்குள் குரல் வந்தது. கோபுரவாசலில் வெறும்பானையோடு நின்ற கொற்றியாருக்கும் அது கேட்டது.

“அம்மையே, காலையில் முதலில் கொண்டுவந்தாய், உப்பில்லை, காத்திருந்தோம். மறுபடி கொண்டுவந்தாய், உண்டோம். காட்டுவழியில் பசித்த பிள்ளையும் எம் பக்கத்து இலையில் உண்டான். போதும் என்றான். நாமும் சொல்கிறோம், போதும்.”

கொற்றியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குருக்கள் ஓடிவந்து, ‘உள்ளே வாருங்கள் தாயே’ என்று கைகூப்பினார். “பானை கழுவணும் சாமி” என்று எழுந்து போனார் அம்மையார். அதன்பின் அவர் பானை கோபுரவாசலில் நின்றதில்லை. கருவறைப் படிவரை போனது. உலகளந்தான் எள்ளைக் கையில் கொடுத்தார். உழக்கு மட்டும் பழைய உழக்குதான். மகன் திரும்பி வரவில்லை. சாகும்வரை மாலைநேரங்களில் வண்டிச்சத்தம் கேட்டால் அவர் வாசலுக்கு வருவதுண்டு.

கணக்கை முடித்துவிடுவோம். கருவூலம் தந்தது தேய்ந்த அரைப் பணம். அது புளிக்கும் எள்ளுக்கும் சரியாகப் போயிற்று. கோவன் வயிறு நிறைந்து போனான். அவன் பக்கம் நேர். சேந்தனுக்கு ஓர் இலை சேர்ந்தது, அதுவும் நேர். கொற்றியாருக்கு ஒரு விடை கிடைத்தது. மகனுக்கு அது ஈடாகாது, ஆனாலும் அவர் பாக்கி கேட்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது மனிதருக்குச் சொன்னது. உள்ளளவு என்ற எல்லையே இல்லாத ஒருவன் அந்தத் தாயின் உப்பைத் தின்றிருக்கிறான். ஆகவே புன்கவனநாதர் பேரில் பற்று: ஒரு பிடி உப்பு. இன்றுவரை நிலுவை.