மூன்றாம் படியில் இருந்த கோப்பை

கதையைக் கேட்டுவிட்டு நழுவுகிற வேலை வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி வரும், பதில் சொல்லியாக வேண்டும்.

கோவை காந்திபுரத்தில் மரகதமணி என்றொரு பெண். நாற்பத்தெட்டு வயது. விளையாட்டுப் போட்டிகளுக்குக் கோப்பையும் கேடயமும் செய்து தரும் கம்பெனி நடத்துகிறாள். முறையாகப் பதிவு செய்த ஒருநபர் கம்பெனி. அதில் முதலாளி அவள், தொழிலாளி அவள், காலையில் வாசல் கூட்டுவதும் அவளே. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனியை ஏற்றுக்கொள்ள இன்னொருவர் பெயர் வேண்டுமாம். அதற்குத் தங்கை தேவகி நாமினியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கடைக்குள் ஒரு வெற்றி மேடை உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட மரப்படிகள். அதை வைத்து மரகதமணி மாதாமாதம் ஒரு கூத்து நடத்துவாள். முதல் படியில் உட்கார்ந்து முதலாளியாகச் சம்பளத்தை எண்ணி வைப்பாள். இரண்டாம் படிக்கு இறங்கித் தொழிலாளியாக அதை வாங்கிக்கொள்வாள். வாங்கிய கையோடு ஓய்வூதியத்துக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒரு பங்கை எடுத்து, மூன்றாம் படியில் நிற்கும் பெரிய கோப்பைக்குள் போட்டுவிடுவாள். வருஷத்தைத் தப்பாக அடித்ததால் விலைபோகாமல் நின்றுவிட்ட கோப்பை அது. அந்தப் படியில் மட்டும் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். "பெரிய கம்பெனில சம்பளத்துல பிடிக்கறதுக்கு ஆள் இருக்குது. எனக்கு நானேதானுங்க பிடிச்சுக்கோணும்" என்பாள் அவள்.

ஒரு நாள். வருஷம் முழுக்கக் கோப்பையில் சேர்ந்த பணத்தைக் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். அன்றைக்கென்று பார்த்துக் காலையில் போன் அடித்தது! மாவட்ட அளவில் பெரிய போட்டி. ஒப்புக்கொண்ட கடைக்காரர் கைவிரித்துவிட்டார். "ஏம்மா, மொத்தக் கோப்பையும் நீங்க பண்ணித் தர முடியுமா? மத்தியானத்துக்குள்ள சொல்லீருங்க" என்றார் போட்டி நடத்தும் வேலுச்சாமி.

மரகதமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னச் சின்னப் பள்ளிக்கூடப் பரிசுகளாகவே செய்துகொண்டிருந்தவளுக்கு வராது வந்த மாமணி! ஆனால் அவளிடம் இருந்த, பெயர் பொறிக்கிற பழைய லேசர் மெஷின் பாதி வேலையைத்தான் தாங்கும். கணபதிப் பகுதியில் ஒருவர் கடையை மூடுகிறார்; அவருடைய மெஷின் மலிவு விலைக்கு வருகிறது. அங்கேயும் மத்தியானம்தான் கெடு. ஆர்டர் கொடுப்பவரிடம் முன்பணம் கேட்கும் வழக்கம் மரகதமணிக்கு இல்லை, கேட்டால் ஓடிவிடுவார்களோ என்ற பயம். ஆக, உடனே எடுக்கக்கூடிய பணம் அந்தக் கோப்பைக்குள் இருந்தது மட்டும்தான்.

விஷயம் தெரிந்து பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைச் சம்பத் ஓடிவந்தான். "ஏனுங்க்கா, இதுல யோசிக்க என்ன இருக்குது? கோப்பையக் கவுத்துங்க! உங்க பணம், நீங்க எடுக்கறீங்க. வலது கையில இருந்து இடது கைக்கு மாறுது, அவ்வளவுதான். கம்பெனி வளந்துட்டா பென்சன் பணம் தன்னால வருமுங்க."

நல்ல மனசுக்காரன். மெஷினை ஏற்றிவர டெம்போவுக்கும் சொல்லிவிட்டிருந்தான்.

தேவகி போனில் பதறினாள். "அக்கா, காப்பீட்ட மட்டும் விட்றாத. மெஷின்ல உன்ற கை மாட்டிச்சுன்னா நீயும் படுத்துக்குவ, கம்பெனியும் என்ற தலையில வந்து விழுகும். மீதியப் போட்டு மெஷின எடு. பத்தலீன்னா என்ற வளையல அடகு வெச்சுக்கலாம். பென்சனுக்கு என்ன அவசரம்? வயசாக இன்னும் எத்தன நாள் கெடக்குது!"

மரகதமணி முதல் படியில் உட்கார்ந்து பார்த்தாள். மெஷினை எடு, எடு என்று மனசு குதித்தது. இரண்டாம் படியில் உட்கார்ந்தாள். சரி, ராப்பகலாக உழைத்துத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கோப்பையை எடுத்துக் கவிழ்க்கப் போனவள் என்ன நினைத்தாளோ, அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு விருட்டென்று எழுந்து வேலுச்சாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பண்ணித் தர்றனுங்க. ஆனா பாதிப் பணம் முன்னாடியே வேணுமுங்க."

 "கேட்டுட்டுச் சொல்றம்மா" என்று போன் வைக்கப்பட்டது.

"வந்த சீதேவிய வாசல்லயே நிறுத்தீட்டீங்களேக்கா!" என்று சம்பத் தலையில் கை வைத்தான். டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சம்பத் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னான். தேவகி காப்பீட்டுப் பங்கைத் தொடாமல் மீதியை எடுக்கச் சொன்னாள். மரகதமணி எதையும் எடுக்காமல், வந்த ஆர்டரையே பணயம் வைத்தாள். மூவருமே கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான். இதில் யார் செய்தது சரி? அவசரப்பட வேண்டாம். அந்த மூன்றாம் படி யாருடையது என்று முதலில் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

விடை: மரகதமணி செய்ததுதான் சரி. அந்தப் படி, ஓய்வூதியம் வாங்கப்போகிற அறுபது வயது மரகதமணியுடையது. முதலாளிக்கு ஆசை வந்தால் குதிப்பாள், தொழிலாளிக்குக் கை வலித்தால் படுத்துக்கொள்வாள், தங்கைக்குக் குறை என்றால் போனில் கத்துவாள். அறுபது வயதுக்காரி இன்னும் பிறக்கவே இல்லை, அவள் பணத்தை யார் எடுத்தாலும் ஏன் என்று கேட்க வாயில்லை. காப்பீட்டைக் காத்தவரையில் தேவகி பாதி சரி. ஆனால் அவளும் சம்பத்தும் கை வைக்கச் சொன்னது கேட்க வாயில்லாதவளின் பணத்தில். மரகதமணியோ கொடுக்கக்கூடியவரிடம் போய்க் கேட்டாள். ஆர்டர் என்னவாயிற்று என்பீர்கள். பாதிக் கோப்பைகளுக்கு முன்பணம் வந்தது, மறுபாதி வேறு கடைக்குப் போயிற்று, கெடு தாண்டியதால் கணபதி மெஷினும் கைவிட்டுப் போயிற்று. நஷ்டம்தான், நான் மறைக்க மாட்டேன். மறுநாள் பணத்தைக் கட்டிவிட்டு வந்த மரகதமணி, காலியான கோப்பையைப் பழைய மெஷினில் வைத்துத் தப்பாக இருந்த வருஷத்தை வழித்தெடுத்தாள். அந்த இடத்தில் தனக்கு அறுபது முடியும் வருஷத்தை அடித்து, மேலே "முதல் பரிசு" என்று போட்டு, மறுபடி மூன்றாம் படியிலேயே வைத்தாள்.