இருநூறு பச்சைக் கூடைகள்

சங்ககிரி மலையடிவாரத்தில், கல்குவாரிக்குப் போகிற பாதையோரம் நாகேஸ்வரி அம்மாவின் குடில் இருக்கிறது. குடில் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். சிமென்ட் ஓடு போட்ட ஒரே அறை, வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அம்மா முன்பு நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவர். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து பத்து வருஷம் ஆகிறது. கேள்வியோடு வருகிறவர்களில் சிலருக்குப் பதில் கிடைக்கும். பலருக்கு வேலைதான் கிடைக்கும்.

செங்கோடன் அவருடைய சீடர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வாயே திறப்பார். அந்த ஞாயிறு வந்தவர் விளக்குமாற்றைத் தொடவில்லை. வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவரைக் கவலையோடு பார்த்தார்.

"என்னண்ணா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு கெடக்குதுங்கம்மா. மனசுதான் உட்டுப்போச்சு."

செங்கோடனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வயர் கூடை பின்னுவது. ஒரு லாரி போய் அடுத்த லாரி வருகிறவரை ஆபீசில் ஈ ஓட்டுகிற நேரத்தில் கற்றுக்கொண்டது. இருபது வருஷமாகக் கை சும்மா இருந்ததில்லை. மீன் விற்கிற அக்காவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற மாதிரி ஒன்று. டீக்கடைக்காரருக்குக் கிளாஸ்கள் முட்டிக்கொள்ளாமல் அறை பிரித்து ஒன்று. சண்டைச்சேவல் வளர்க்கிற டிரைவர் ஒருவருக்கு, சேவல் தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டே வர ஓரத்தில் ஓட்டை விட்டு ஒன்று. அதைப் பார்த்து பஸ் ஸ்டாண்டே சிரித்தது. கை நீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை மனுஷன்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஓர் ஏஜென்ட் வந்தான். கல்யாணத்துக்குத் தாம்பூலக் கூடை வேண்டும், எல்லாம் ஒரே அளவு, பச்சையில் மஞ்சள் கரை, இருநூறு என்றான். செங்கோடன் குதியாட்டம் போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

"முடிச்சுக் குடுத்துட்டீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"நேத்தோட முடிஞ்சுதுங்க. கூடவே பின்னி ஊட்டுக்காரி பாவாயிக்கும் கை வீங்கிப்போச்சு, பாவம். ஊட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேசி மூணு வாரமாச்சு. எனக்குத் தூக்கத்துலயும் விரல் முடிச்சுப் போடுதுங்கம்மா."

"அதான் முடிஞ்சிருச்சே. அப்பறம் என்ன?"

"மாசாமாசம் இருநூறு வேணுமாமுங்க. ஆபீஸ் வேலையை உட்டுப்போட்டு இதையே தொழிலாப் பண்ணுங்கறான். இன்னைக்குச் சாயந்தரம் போன் பண்ணுவான். ராஜினாமா லெட்டர் சட்டைப் பையில இருக்குது." பையைத் தொட்டுக் காட்டினார். "புடிச்ச வேலையே பொழப்பாக் கெடைச்சா யாரு வேண்டாம்பாங்க? ஆனா எனக்குப் புடிச்சது எங்க போச்சுன்னே தெரியலீங்க. வயரைப் பார்த்தாக் குமட்டுது. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா மடியிலிருந்த மொச்சையை உரித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒரு கூடை போடுங்க."

"இப்பவா?"

"இப்பவே. இங்கயே."

செங்கோடனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறுதல் தேடி வந்த இடத்திலும் கூடையா? என்ன ஜென்மம் இது என்று இருந்தது. ஆனாலும் சொன்னது குரு. சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து வயர்க்கட்டையும் கத்தரியையும் எடுத்துவந்தார். மிச்சமிருந்த பச்சை வயரை நாலு முழம் அளந்து வெட்டினார். இன்னொரு நாலு முழம், மறுபடி நாலு முழம் என்று வெட்டிக் குவித்துவிட்டு அடிப்பாகத்தைப் பின்ன ஆரம்பித்தார். முகத்தில் ஈயாடவில்லை. விரல் மட்டும் விறுவிறுவென்று ஓடியது.

இரண்டு வரிசை முடிந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. இதுல நான் என்னண்ணா வைக்கப்போறேன்?"

செங்கோடனின் கை நின்றுவிட்டது.

வயர் கூடை பின்னுகிறவர்களுக்கு முதல் கத்தரிப்புதான் எல்லாம். என்ன வைக்கப்போகிறார்கள், எவ்வளவு கனம், கையில் தூக்குவதா, சைக்கிளில் மாட்டுவதா, எல்லாம் கேட்டபிறகுதான் வயரை அளக்க வேண்டும். வெட்டிய பிறகு நீளம் போதவில்லை என்றால் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இருநூறு வருகிறவரை, இருபது வருஷத்தில் செங்கோடன் ஒருவரைக்கூடக் கேட்காமல் கத்தரியை எடுத்ததில்லை. கேட்கிற சாக்கில் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவார். அந்தச் சேவல்காரரிடம் சேவலின் பெயர்கூடக் கேட்டிருந்தார்.

அரைகுறைக் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேக்கலீங்களேம்மா," என்றார். "உங்களையே கேக்காம வெட்டிப்போட்டனே."

துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அம்மா அடுத்த மொச்சையை எடுத்து உரித்தார்.

"ஒவ்வொருத்தரையாக் கேட்டுக்கிட்டிருந்தா மாசம் இருநூறு ஆகாதுங்கம்மா."

"ஆகாது."

"பத்துப் பன்னண்டு ஆனாலே பெருசுங்க."

"ஆமா."

"காசே வாங்கினாலும், அதுல ரெண்டு வயிறு நெறையாதுங்க."

"நெறையாதுண்ணா."

செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்துக்கும் இப்படி ஆமாம் போட்டா நான் எங்கதான் போறதுங்க? சாயந்தரம் போன் வந்துருமுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா!"

"முதல்ல எனக்குப் போடற கூடைக்கு வழி பண்ணுங்க. வேற வயர் இருக்குதா?"

பையின் அடியில் பழைய சிவப்புக் கட்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் பிரித்தார். கத்தரி பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. என்ன வைக்கணும்?"

"மூணு அடுக்குத் தூக்குப்போசி. ஒரு தண்ணி பாட்டில்."

"கையில தூக்கறதுங்களா?"

"சைக்கிள்ல மாட்டறது."

"அப்பக் கைப்பிடி கட்டையா இருக்கணும். இல்லீன்னாச் சக்கரத்துல இடிக்கும்." தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். "கொழம்பு கொட்டாம இருக்க அடியை அகலமா வெச்சரலாம். சாப்பாடு நெறையாக் கொண்டுபோற ஆளுங்களா?"

"இந்த மூணு வாரமாச் சரியாவே சாப்பிடறதில்லையாம். முன்னெல்லாம் நல்லாச் சாப்பிடுவாரு."

"அட பாவமே." செங்கோடன் சிவப்பு வயரின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "யாருக்குங்கம்மா?"

"பார்சல் ஆபீசுல புக்கிங் எழுதறவரு ஒருத்தரு இருக்கறாரு. ஊருக்கெல்லாம் கூடை போட்டுக் குடுத்துட்டு, அவரு சோத்தை மட்டும் ஜவுளிக்கடைப் பையில கொண்டுபோறாரு. நாளைக்குக் காலையில ஆபீஸ் தொறக்கறதுக்குள்ள வேணுமுங்கண்ணா."