செம்பாறை ஜெயிக்க வேண்டும்

கொம்பையா சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபது. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் எஸ்தர். ஆற்றுக்கரைக் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறவர். மைதானத்தைச் சுற்றுகிற ஓட்டம் அல்ல. வரப்பு, மேடு, சேறு, சவுக்குத் தோப்பு என்று வழியில் எது கிடந்தாலும் அதன் மேல் ஓடுகிற நெடுந்தூர ஓட்டம். கிராஸ் கன்ட்ரி என்பார்கள்.

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நட என்று டாக்டர் சொன்னதால் கொம்பையா அந்தப் பக்கம் நடக்க வந்தார். நடந்ததைவிட வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்.

“டீச்சர், நேத்து நம்ம தெரு இசக்கிதான முதல்ல வந்தா? கப்பை ஏன் வேற காலேஜுக்குத் தூக்கிக் குடுத்தாங்க?”

“ஒரு டீமுக்கு ஏழு பேர் ஓடுவாங்க அண்ணாச்சி. அதுல முன்னால வர்ற அஞ்சு பேரோட இடத்தைக் கூட்டணும். யாருக்குக் கூட்டுத்தொகை கம்மியோ, அவங்களுக்குத்தான் கப்பு.”

“முதல்ல வந்தவளுக்கு எவ்வளவு?”

“ஒண்ணு.”

“நம்ம அஞ்சாவது பிள்ளைக்கு?”

“நாப்பது.”

“அதுக்குப் பின்னால வந்த ரெண்டு பேருக்கு?”

“அவங்க இடத்தைக் கூட்டுறதில்ல.”

கொம்பையா வீட்டுக்குப் போய் சாப்பிடும்போதும் யோசித்தார். மறுநாள் காலை தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. சீடரானது அப்படித்தான்.

நல்ல சீடர். ஒரு குறைதான். யார் மேலாவது மனசு கசந்துவிட்டால் கசந்ததுதான். மீசையை ஒரு பக்கம் ஒட்ட வெட்டிவிட்டான் என்று உள்ளூர் சலூனை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் முடி வெட்டிக்கொள்கிறவர் அவர். மச்சினர் வீட்டுக் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. ரேஷன் கடை அந்தத் தெருவில்தான் இருக்கிறது. பாவம், அவர் சம்சாரம்தான் மூட்டையைச் சுமக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கசப்பு இசக்கி மேல். அவர் தெருப் பிள்ளை. தகப்பன் இல்லாத பிள்ளை. சீடரான நாளிலிருந்து தினமும் விடிவதற்கு முன் சைக்கிளில் ஏற்றி வந்து மைதானத்தில் விட்டவர் கொம்பையாதான். பட்டம் வாங்கியதும் அவள் மேற்படிப்புக்குச் செம்பாறைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். விடுதி இலவசம், சாப்பாடு இலவசம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அவர் அதைப் பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவள் பெயர் அவர் வாயில் வரவில்லை. “அந்தப் பிள்ளை” என்பார். செம்பாறையைப் பற்றிப் பேச்சு வந்தால், “அங்க தண்ணியே உப்பு” என்பார்.

அவள் போன இரண்டாம் வருஷம் ஒரு மலையடிவார ஓட்டத்தில் ஆற்றுக்கரை செம்பாறையை இரண்டே புள்ளியில் தோற்கடித்தது. கொம்பையா தன் சர்க்கரையையும் மறந்து அல்வா தின்றார்.

பிறகு மண்டலப் போட்டி வந்தது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் இரண்டு அணிகள் நேராகத் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஆற்றுக்கரைக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

திரும்பி வரும் வேனில் கேப்டன் சண்முகத்தாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவளுக்கு இது கடைசி வருஷம்.

எஸ்தர் சொன்னார். “இன்னும் ஒரு இடம் இருக்கு.”

கொம்பையா எழுந்தே விட்டார். வேன் குலுங்கியதில் மறுபடி உட்கார்ந்தார்.

“எல்லா மண்டலத்து மூணாம் இடத்துக்காரங்கள்லயும் ஒரே ஒரு டீமை எடுப்பாங்க. தேசியப் போட்டிக்குப் போற டீம்கள்ல யாரை இந்த வருஷம் ஜெயிச்சிருக்கோம்னு பாப்பாங்க. யாரு நிறைய ஜெயிச்சிருக்காங்களோ, அவங்களுக்கு இடம். மூணாம் இடம் வந்த மத்தவங்க, இனி வரப்போறவங்க யாரும் அப்படி ஒரு டீமைக்கூட ஜெயிக்கல. விசாரிச்சிட்டேன்.”

“நாம ஜெயிச்சிருக்கோமா?”

“செம்பாறையை.”

“அப்படிப் போடுங்க.”

“செம்பாறை இன்னும் போகலியே அண்ணாச்சி. அவங்க மண்டலத்துல ஞாயித்துக்கிழமைதான் ஓட்டம். முதல் ரெண்டுல வந்தாதான் நாம ஜெயிச்சது கணக்குல ஏறும்.”

“அவங்க வரலன்னா?”

“நாம யாரையும் ஜெயிக்கல.”

கொம்பையா ஊர் வந்து இறங்கும்போது குருவிடம் கேட்டார்.

“டீச்சர், ஒருத்தர் விளங்காமப் போகணும்னு ரெண்டு வருஷமா நினைச்சிட்டு இருக்கோம். இப்ப அவங்க நல்லா வரணும்னு எப்படி நினைக்கது?”

“ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருங்க” என்றார் எஸ்தர்.

வந்தார். சலவை வேட்டி கட்டி வந்தார்.

அங்கே ஓட்டம் ஏரிக்கரையில் தொடங்கி, தோப்பைச் சுற்றி, உழுத புஞ்சை வழியாக வந்து, ஒற்றைப் பனை நிற்கும் திருப்பத்தில் முடிவுக் கோட்டைப் பார்த்துத் திரும்பும். இரு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள்.

“நான் கோட்டுப் பக்கம் நிக்கேன். நீங்க பனைகிட்ட நின்னு எண்ணுங்க. மஞ்சள் சட்டை செம்பாறை. அஞ்சாவது மஞ்சள் திரும்பினதும் எனக்குப் போன் பண்ணுங்க.”

“எண்ண மட்டும்தான டீச்சர்?”

“எண்ண மட்டும்தான்.”

பனையடியில் செம்பாறைக் கல்லூரி வேன் டிரைவர் நின்றிருந்தார். கொம்பையாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீரு ஆத்தங்கரை ஆளுல்லா? இங்க என்னவே சோலி?”

“காத்து வாங்க வந்தேன்.”

“உங்க ஊர்ல காத்து இல்லியாக்கும்.”

“இருக்கு. உப்புக் காத்து எப்படின்னு பாக்க வந்தேன்.”

நீலச் சட்டைக்காரிகள் கூட்டமாகத் திரும்பி முதல் இடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் இடத்துக்கு மஞ்சளும் பச்சையும் மல்லுக்கு நின்றன. ஒரு மஞ்சள் போனாள். ஒரு பச்சை. மறுபடி மஞ்சள். அந்தப் பிள்ளையைக் காணவில்லை. முதல் ஆளாக வந்திருக்க வேண்டியவள்.

டிரைவர் போனில் பேசிவிட்டுத் தலையில் கைவைத்தார். “இசக்கி புஞ்சைக்குள்ள விழுந்துட்டாளாம்வே. கால் பிசகிட்டாம்.”

“எந்த இசக்கி?” என்றார் கொம்பையா.

மூன்றாவது மஞ்சள் போனாள். நான்காவதும் போனாள். அப்புறம் பச்சையாகவே வந்தது. கடைசியில் ஐந்தாவது மஞ்சள் தெரிந்தாள். குச்சி மாதிரி ஒரு பிள்ளை. அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பச்சையில் ஐந்தாவதும் வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் பிள்ளை மிரண்டு மிரண்டு பின்னால் பார்த்தாள்.

கொம்பையா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சண்முகத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதது கண்ணில் வந்தது.

“பின்னால பாக்காத தாயி” என்று கத்தினார். “கோட்டைப் பாரு. கோட்டைப் பாத்து ஓடு.”

பிள்ளை பனையைத் தாண்டிப் பாய்ந்தாள். பச்சை பின்தங்கினாள். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு கொம்பையாவைப் பார்த்தார்.

கொம்பையா போனை எடுத்தார். “டீச்சர், அஞ்சாவது மஞ்சளும் திரும்பியாச்சு. பச்சை பின்னாலதான் வாரா. கணக்கு முடிஞ்சிட்டு.”

கொஞ்ச நேரம் இரைச்சல்தான் கேட்டது. பிறகு எஸ்தரின் குரல். “இங்க கோட்டையும் தாண்டிட்டா அண்ணாச்சி. செம்பாறை ரெண்டாம் இடம். நமக்கு இடம் கிடைச்சாச்சு. கிளம்பி வாங்க.”

“இந்தா வாரேன்.”

போனைப் பைக்குள் போட்டார். கிளம்பவில்லை. புஞ்சைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் சந்தோஷத்தில் கோட்டைப் பார்த்து ஓடிவிட்டார். ஒவ்வொருத்தியாகப் பிள்ளைகள் போனார்கள். கடைசிக் கூட்டமும் போனது.

பிறகு அவள் வந்தாள். மஞ்சள் சட்டை தெரியாத அளவுக்குச் சேறு. ஒரு காலில் ஷூ இல்லை. இடது காலை ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்து வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொம்பையா நிற்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நின்றே விட்டாள்.

“எதுக்கு நிக்க?” என்றார் கொம்பையா.

அவள் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

“எதுக்கு நிக்கங்கேன். படம் புடிக்காங்களா இங்க? நட.”

அவள் நடந்தாள்.

“கையை ஆட்டு. தலையைத் தூக்கு. தரையில என்ன கிடக்கு, தேடிட்டுப் போற?”

கயிற்றை ஒட்டி அவரும் கூடவே போனார். ஓடுகிற பிள்ளையை வெளியாள் தொட்டால் அவள் ஓடியது செல்லாது என்று அவருக்குத் தெரியும். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாயை மட்டும் மூடவில்லை. கழுதை என்றார், சோம்பேறி என்றார், ரெண்டே எட்டுதான் என்று நாலைந்து தடவை பொய் சொன்னார். ஒரு செருப்பு வழியில் கழன்றுகொண்டது. அதை எடுக்கவும் இல்லை. அவள் அழுதுகொண்டே ஓட ஆரம்பித்தாள். மூச்சு வாங்க அவரும் ஓடினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டைத் தாண்டியதும் இசக்கி உட்கார்ந்துவிட்டாள். “பெரியப்பா” என்றாள்.

கொம்பையா அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவரிடம் சொன்னார். “அந்தப் பிள்ளைக்குக் காலுல ஐஸ் வைக்கச் சொல்லும்வே. சும்மா நிக்கீரு.”

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் சண்முகத்தாய்க்குப் போன் பண்ணினார். அந்தப் பக்கம் பிள்ளைகள் போட்ட கூச்சல் பின் சீட்டு வரை கேட்டது. கொம்பையா சேறு படிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், தப்பா நினைச்சிராதீங்க. நான் கத்தினது நம்ம டீமுக்காக.”

“சரி அண்ணாச்சி.”

“அவங்க வந்தாதான நமக்கு இடம்.”

“ஆமா.”

“இல்லாட்டி அந்தப் பிள்ளைக்காக நான் ஏன் தொண்டை கிழியக் கத்தப் போறேன்? எனக்கென்ன கிறுக்கா?”

எஸ்தர் டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

“அஞ்சாவது பிள்ளை திரும்பியாச்சு, கணக்கு முடிஞ்சிட்டுன்னு எனக்குப் போன் பண்ணினது யாரு அண்ணாச்சி?”